ஒலிபெருக்கியில்லா இசையரங்கு

ஒலிபெருக்கியில்லா இசையரங்கு என்பது ஒலிவாங்கி, மின்பெருக்கி, ஒலிபெருக்கி ஆகியவற்றின் துணையின்றி, பாடுபவரின் குரலும் இசைக்கருவியின் ஒலியும் நேரடியாகவே கேட்பவரைச் சென்றடையும் வகையில் நடத்தப்படும் இசை நிகழ்ச்சி ஆகும். பேச்சு வழக்கில் இது "மைக் இல்லாத கச்சேரி" எனப்படுகிறது. வீட்டுக் கூடம், கோயில் மண்டபம், தேநீரகம் போன்ற சிறிய இடங்கள் இதற்கு ஏற்றவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை எல்லா இசை நிகழ்ச்சிகளும் இவ்வாறே நடைபெற்றன. இன்று இவை அருகிவிட்டன. வீணை போன்ற மெல்லிய ஒலியுடைய கருவிகளின் இயல்பான ஒலியைக் கேட்க இத்தகைய சிறிய அரங்குகளே வாய்ப்பளிக்கின்றன.

வரலாறு

மின்கருவிகள் இல்லாத காலத்தில் இசையின் வடிவத்தை இடமே தீர்மானித்தது. திறந்த வெளிக்கு நாகசுரமும் தவிலும் பயன்பட்டன. குட்டையான திமிரி நாகசுரம் உயர்ந்த சுருதியில் நெடுந்தொலைவு கேட்கக்கூடியது. தெருக்கூத்தில் முகவீணையின் கூரிய ஒலியும் நடிகர்களின் உச்சக் குரலும் இரவு முழுவதும் ஊருக்கே கேட்டன. நாடக மேடையில் எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933), கே. பி. சுந்தராம்பாள் போன்றோர் உயர்ந்த சுருதியில் பாடிப் புகழ் பெற்றனர். வீணையும் தம்புராவும் வீட்டுக்குள் ஒலித்தன.

வீட்டு அரங்குகளுள் பெயர் பெற்றது வீணை தனம்மாளின் (1867–1938) வெள்ளிக்கிழமை மாலை நிகழ்ச்சியாகும். சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்த அவரது வீட்டில் இது நடைபெற்றது. இசைக்கலைஞர்களும் சுவைஞர்களும் அடங்கிய சிறு கூட்டம் அமைதியாக அமர்ந்து கேட்டது. அவரது மெல்லிய மீட்டு, அருகில் இருப்போருக்கு மட்டுமே முழுமையாகக் கேட்கக்கூடியது. அவருடைய பேர்த்திகளான டி. பிருந்தா, டி. முக்தா, நடனக் கலைஞர் டி. பாலசரஸ்வதி ஆகியோர் இந்த வீட்டு மரபில் வளர்ந்தவர்கள்.

1930களில் ஒலிவாங்கி கருநாடக இசை மேடைக்கு வந்தது. இதனால் பெரிய மண்டபங்களில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இசை கேட்க முடிந்தது. பாடகர்கள் தாழ்ந்த சுருதியிலும் மென்மையாகவும் பாடலாயினர். பின்னர் வீணையிலேயே ஒட்டவைக்கப்படும் தொடுநிலை ஒலிவாங்கிகளும் வழக்கத்திற்கு வந்தன.

பிற நாடுகளில்

தேநீர், காப்பி அருந்தும் இடங்களில் இசை நிகழ்த்தும் வழக்கம் உலகின் பல பகுதிகளில் உண்டு. செருமனியின் லைப்சிக் நகரில் சிம்மர்மன் காப்பியகத்தில், டெலிமான் தொடங்கிய இசைக்குழு நிகழ்ச்சிகளை நடத்தியது. 1729 முதல் யோகான் செபாசுத்தியன் பாக் அக்குழுவை வழிநடத்தினார். குளிர்காலத்தில் வெள்ளிக்கிழமை இரவு 8 முதல் 10 மணி வரை இவை நடைபெற்றன. காப்பி விற்பனையே கடைக்காரரின் வருவாயாக இருந்தது. அக்கட்டடம் 1943 ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் அழிந்தது.

சீனாவின் சூச்சோ நகரத் தேநீரகங்களில் கதையும் பாட்டும் கலந்த பிங்தான் கலை நிகழ்த்தப்படுகிறது. சாங்காயின் ஹூசின்திங் தேநீரகம், நரம்புக் கருவிகளும் மூங்கில் குழல்களும் சேரும் "பட்டும் மூங்கிலும்" என்ற குழுவிசைக்குப் பெயர் பெற்றது.

ஒலியியல்

திறந்த வெளியில், ஒலி மூலத்திலிருந்து உள்ள தொலைவு இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒலி அளவு ஏறத்தாழ 6 டெசிபெல் குறைகிறது. அதாவது 1 மீட்டர் தொலைவில் கேட்பதைவிட 8 மீட்டர் தொலைவில் 18 டெசிபெல் குறைவாகக் கேட்கும். அறைக்குள் சுவரும் கூரையும் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் இந்த இழப்பு குறைகிறது. ஆனால் திரும்பும் ஒலி நெடுநேரம் நீடித்தால் சுரங்கள் ஒன்றோடொன்று கலந்து தெளிவு கெடும்.

இந்த நீடிப்பைக் கணக்கிடும் முறையை ஆர்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாலசு கிளமெண்ட் சபைன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கண்டறிந்தார். அறையின் கன அளவை 0.16 ஆல் பெருக்கி, அறையின் மொத்த ஒலி உறிஞ்சலால் வகுத்தால், ஒலி 60 டெசிபெல் குறைய ஆகும் நேரம் நொடிகளில் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, 6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள ஒரு தேநீரக அறையைக் கொள்வோம். இதன் கன அளவு 90 கன மீட்டர். உட்பரப்பு 126 சதுர மீட்டர். பூச்சுச் சுவரும் சிமெண்டுத் தரையும் தம்மீது விழும் ஒலியில் ஏறக்குறைய 3 விழுக்காட்டையே உறிஞ்சும் எனக் கொண்டால், வெற்று அறையில் ஒலி 3.8 நொடி நீடிக்கும். இது பாட்டுக்கு ஏற்றதன்று. 25 பேர் உள்ளே அமர்ந்தால், ஒவ்வொருவரும் 0.45 அலகு உறிஞ்சுவதாகக் கொண்டு, இது சுமார் 1 நொடியாகக் குறைகிறது. 4 சதுர மீட்டர் அளவுக்குச் சன்னல்களைத் திறந்தால் மேலும் குறைந்து 0.8 நொடிக்குக் கீழ் வரும். ஆகவே, கேட்பவர்களும் அரங்கின் ஒலியமைப்பில் ஒரு பகுதி ஆவர்.

இதைவிடப் பெரிய இடையூறு பின்னணி இரைச்சல். மின்விசிறி, குளிரூட்டி, குளிர்சாதனப் பெட்டி, அடுப்பு, தெருப் போக்குவரத்து ஆகியவற்றின் இரைச்சல் கமகங்களின் மெல்லிய முடிவுகளை மூடிவிடும். விசிறியை நிறுத்தினால் புழுக்கம். ஓடவிட்டால் வீணை கேட்காது. வெப்ப நாட்டில் இது எளிதில் தீராத சிக்கலாகும்.

செங்கல்பட்டு, மாமல்லபுரம் பகுதி

இப்பகுதிக்கு நெடிய இசை மரபு உண்டு. மாமல்லபுரத்திற்கு வடக்கேயுள்ள சாளுவன்குப்பத்தின் அதிரணசண்டக் குடைவரையில் உள்ள வடமொழிக் கல்வெட்டு, பல்லவ மன்னனின் இசைப் புலமையைப் புகழ்கிறது. அம்மன்னன் இராசசிம்மன் (எட்டாம் நூற்றாண்டு) என அறிஞர் பலர் கருதுவர். காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலில் பொறிக்கப்பட்டுள்ள அவனது பட்டப்பெயர்களுள் வீணையில் அவனை நாரதருக்கு ஒப்பிடுவதும் ஒன்று.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்த கோவூருக்குத் தியாகராசர் (1767–1847) வந்து, செல்வந்தர் ஒருவரின் விருந்தினராகத் தங்கினார். அவ்வூர் இறைவன் மீது அவர் இயற்றிய ஐந்து கீர்த்தனைகள் "கோவூர்ப் பஞ்சரத்தினம்" எனப்படுகின்றன. பழைய மாவட்டம் 1997 இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் எனப் பிரிக்கப்பட்டது. இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பர் 29 அன்று உருவானது. கோவூர் இப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளது.

தமிழ்நாடு சுற்றுலாத் துறை மாமல்லபுரத்தில் நடத்தும் நாட்டிய விழா திறந்த வெளியில் நடைபெறுவது. அங்கு ஒலிபெருக்கியைத் தவிர்ப்பது கடினம். ஒலியைத் திருப்பி அனுப்பச் சுவர் இல்லை. கடல் அலையின் இரைச்சல் எல்லா அதிர்வெண்களிலும் பரவியுள்ளது. கடற்காற்றை எதிர்த்துச் செல்லும் ஒலி மேல்நோக்கி வளைவதால், காற்று வரும் பக்கம் அமர்ந்தோருக்குக் குறைவாகவே கேட்கும். அதே கடற்கரையில் சுவர்களால் சூழப்பட்ட ஒரு சிறு தேநீரக அறை இவ்விடையூறுகள் பலவற்றிலிருந்து பாதுகாப்பு அளிக்கும்.

முட்டுக்காட்டில் 1996 இல் திறக்கப்பட்ட தட்சிணசித்திரா அருங்காட்சியகத்தில் தென்னிந்தியாவின் பழைய வீடுகள் பெயர்த்துக் கொணர்ந்து அமைக்கப்பட்டுள்ளன. திண்ணை, முற்றம், கூடம் ஆகியவற்றில் ஒலி எவ்வாறு மாறுபடுகிறது என்பதை மாணவர்கள் அங்கு நேரில் உணரலாம்.

தேநீரகத்தில் நடத்தும் முறை

* 20 முதல் 40 பேர் வரை அமரக்கூடிய அறை போதுமானது. கலைஞர் அறையின் குறுகிய பக்கத்தில், வெறுஞ்சுவரைப் பின்புறமாகக் கொண்டு அமர்வது நல்லது; அச்சுவர் ஒலியை முன்னோக்கித் திருப்பும்.
* கேட்பவர்கள் தரையில் பாய் விரித்து அரைவட்டமாக அமர்ந்தால், கடைசி வரிசைக்கும் கலைஞருக்கும் இடையிலான தொலைவு குறையும்.
* தேநீரை நிகழ்ச்சிக்கு முன்னும் இடைவேளையிலும் மட்டும் வழங்கலாம். கண்ணாடிக் குவளைகளின் ஒலி மெல்லிய இசையைக் குலைக்கும்.
* மிருதங்கத்திற்குப் பதிலாகக் கஞ்சிரா அல்லது மெதுவாக வாசிக்கப்படும் கடம் சிறிய அறைக்குப் பொருந்தும்.
* மாலை மங்கிய பின் தொடங்கினால் விசிறியின்றியே சற்று நேரம் அமர இயலும்.

சட்டம்

ஒலி மாசு (ஒழுங்குபடுத்தல், கட்டுப்படுத்தல்) விதிகள், 2000 இன்படி ஒலிபெருக்கியைப் பயன்படுத்த எழுத்து மூலமான அனுமதி தேவை. இரவு 10 முதல் காலை 6 மணி வரையுள்ள கட்டுப்பாடு, 2010 ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் இசைக்கருவிகளையும் உள்ளடக்கியது. ஆகவே, ஒலிபெருக்கி இல்லையென்றாலும் திறந்த முற்றத்தில் நள்ளிரவு வரை வாசிக்க உரிமை உண்டு எனக் கொள்ளலாகாது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, படைப்பாளி இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் வரை படைப்புக்குப் பாதுகாப்பு உண்டு. மும்மூர்த்திகளின் கீர்த்தனைகள் பொதுவுடைமையாகும். 1973 இல் மறைந்த பாபநாசம் சிவனின் பாடல்களுக்கு 2033 இறுதி வரை பாதுகாப்பு உள்ளது. காப்புரிமையுள்ள திரைப்பாடல்களை வணிக நோக்கில் பாட உரிமம் பெற வேண்டும்.

கருத்து வேறுபாடுகள்

ஒலிவாங்கியே இசையைச் சிறு வட்டத்திலிருந்து பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது என்பது ஒரு சாராரின் கருத்து. அழைக்கப்பட்ட சிலருக்கு மட்டுமே திறந்திருந்த பழைய வீட்டு அரங்குகளை அவர்கள் சான்று காட்டுவர். பெருக்கப்பட்ட ஒலிக்குப் பழகிய செவி மெல்லிய ஒலியைக் கேட்கும் பொறுமையை இழக்கிறது என்பது மற்றொரு சாராரின் கருத்து. யாரும் ஒரு குவளைத் தேநீரின் விலைக்கு உள்ளே வந்து அமரக்கூடிய தேநீரகம் இவ்விரு கருத்துகளுக்கும் ஓரளவு விடையளிக்கிறது. எனினும் 30 பேரிடமிருந்து கிடைக்கும் தொகை கலைஞருக்குப் போதிய ஊதியமாக அமைவதில்லை. இவ்வகை அரங்குகள் நிலைத்திருப்பது பெரும்பாலும் இந்தக் கணக்கைப் பொறுத்ததாகும்.