கையொப்பம் ஒப்புதலாகுமா? எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரைச் சோதனையும் நம் உரிமையும்

உசிலம்பட்டி வட்டாரத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவிகள் 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டன. பத்தாண்டுக் காலம் அங்கே ஒரு தலித் தலைவர் நிலைத்துப் பணியாற்ற முடியவில்லை. ஆதிக்கச் சாதியினர் நிறுத்தி வெல்லவைத்த தலித் வேட்பாளர்கள், பதவியேற்றதும் விலகல் கடிதம் கொடுத்தனர். 2006 அக்டோபர் தேர்தலில்தான் நிலைமை மாறியது. அக்கடிதங்களின் கையொப்பங்கள் சட்டப்படி செல்லுபடியாயின. ஆனால் மறுக்க வழியற்றவர் இட்ட கையொப்பத்தை ஒப்புதல் என்று நாம் ஏற்கவில்லை.

மருந்துச் சோதனைகளையும் இதே அளவுகோலால் அளக்க வேண்டும் என்கிறோம். 2009-10இல் ஒன்றுபட்ட ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டத்தின்கீழ் பழங்குடிச் சிறுமியர் பலருக்கு ஊசி போடப்பட்டது. பெற்றோரின் ஒப்புதலுக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் படிவங்களில் கையொப்பமிட்டதை நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் கண்டித்தது.

இப்போது எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரைக்கு வருவோம். தொற்று இல்லாதவர் நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரை இது. டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபைன் என்னும் இரு மருந்துகள் சேர்ந்த இம்மாத்திரை, உடலில் நுழையும் வைரஸ் பெருகி நிலைகொள்வதைத் தடுக்கிறது. இதன் பயனை முதலில் நிறுவியது 2010இல் வெளியான ஐபிரெக்ஸ் ஆய்வு. ஆறு நாடுகளில் 2,499 தன்னார்வலர்கள் பங்கேற்றனர். ஒரு பாதியினருக்கு மருந்தும், மறு பாதியினருக்கு மருந்தில்லாத ஒத்த மாத்திரையும் தரப்பட்டன. யாருக்கு எது என்பது தன்னார்வலருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. மருந்து பெற்றோரிடையே புதிய தொற்று 44 விழுக்காடு குறைந்தது.

ஆகவே, இத்தகைய சோதனையில் சேர்பவர் முதலில் அறிய வேண்டியது ஒன்று: சோதனையில் சேர்வது பாதுகாப்புப் பெறுவது ஆகாது. கையில் இருப்பது வெற்று மாத்திரையாகவும் இருக்கலாம். ஆணுறையைக் கைவிட முடியாது.

சோதிக்கப்படும் பொருளே பயனற்றுப் போவதும் உண்டு. செல்லுலோஸ் சல்பேட் என்னும் தடுப்புக் களிம்பு ஆப்பிரிக்காவின் மூன்று மையங்களிலும், சென்னை, பாகல்கோட்டை ஆகிய இந்திய மையங்களிலும் பெண்களிடம் சோதிக்கப்பட்டது. களிம்பு பெற்ற குழுவில் 25 பேருக்கும், வெற்றுக் களிம்பு பெற்ற குழுவில் 16 பேருக்கும் தொற்று ஏற்பட்டது. 2007 ஜனவரியில் சோதனை நிறுத்தப்பட்டது. இவ்வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பின்னர் கூறினர். பாதுகாப்பு கிடைக்கவில்லை என்பதில் மட்டும் ஐயமில்லை.

அப்படியானால் பாதிக்கப்படுவோருக்குப் பொறுப்பு யார்? கம்போடியாவில் டெனோஃபோவிர் சோதனை திட்டமிடப்பட்டபோது, பாலியல் தொழிலாளர் அமைப்பு இதே வினாவை எழுப்பியது. பக்கவிளைவுகளுக்கு நீண்டகால மருத்துவக் காப்பீடு கேட்டது. உடன்பாடு எட்டப்படாமல் 2004இல் அச்சோதனை தொடங்கும் முன்பே கைவிடப்பட்டது.

நம்பிக்கை இல்லாத இடத்தில் அறிவியலும் தோற்கிறது. தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் 5,029 பெண்களிடம் நடந்த வாய்ஸ் ஆய்வில் மாத்திரை பயன்தரவில்லை. மாத்திரையை ஒழுங்காக உட்கொண்டதாகப் பெரும்பாலோர் கூறினர். அவர்களது இரத்தம் வேறு சொன்னது. மாத்திரைப் புட்டியைக் கண்டவர்கள் தமக்கு நோய் இருப்பதாக எண்ணிவிடுவார்களோ என்ற அச்சம் முக்கியக் காரணங்களுள் ஒன்று. ஓர் அறை வீட்டில் குடும்பமே வாழும் நம் சேரிகளில் அந்தப் புட்டியை எங்கே மறைப்பது?

இதனால் ஒதுங்கியிருப்பதே நலம் என்று நாம் கூறவில்லை. ஒதுக்கப்பட்டவர்கள் இல்லாமல் நடக்கும் ஆய்வின் பயனும் அவர்களை வந்தடையாது. நமக்கான முன்மாதிரி அருகிலேயே இருக்கிறது. மைசூரின் அசோதயா சமிதி, கொல்கத்தாவின் துர்பார் மகிளா சமன்வய கமிட்டி ஆகிய பாலியல் தொழிலாளர் அமைப்புகள் இம்மாத்திரையின் செயல்விளக்கத் திட்டங்களைத் தாமே முன்னின்று நடத்தின. அங்கே வெற்று மாத்திரை கிடையாது. பெண்கள் முதலில் தமக்குள் விவாதித்து, ஐயங்களைக் கேட்டுத் தெளிந்து, பின்னரே சேர்ந்தனர்.

சட்டமும் நம் பக்கம் சில கருவிகளைத் தந்துள்ளது. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளின்படி, சோதனையால் பாதிக்கப்பட்டவருக்கு இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் ஒப்புதல் பெறும்போது நடுநிலைச் சாட்சி ஒருவர் முழுநேரமும் உடனிருக்க வேண்டும். எந்த நிலையிலும், எந்த இழப்புமின்றி விலகிக்கொள்ளலாம். 2018இல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், ஒப்புதலின்றிப் பரிசோதிப்பதையும் பரிசோதனை முடிவை வெளியிடுவதையும் தடை செய்கிறது.

ஆனால் நம்மை அழைத்து வருபவர் முன்பணம் கொடுத்த மேஸ்திரியாகவோ, நிலம் வைத்திருப்பவராகவோ இருந்தால் இவ்விதிகள் அனைத்தும் காகிதமாகிவிடும். ஆகவே மாணவர்களும் களப்பணியாளர்களும் படிவத்தை மக்களின் பேச்சுமொழியில் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். அழைத்து வந்தவர் யார்? கூலி இழப்பை யார் ஈடுசெய்வார்? சோதனைக் காலத்தில் தொற்று ஏற்பட்டால் மருத்துவம் எங்கே? சோதனை முடிந்தபின் மருந்து நமக்குக் கிடைக்குமா? ஒப்புதல் படிவத்தின் படி நம் கையில் தரப்படுமா? இவற்றுக்கு விடை கிடைக்கும்வரை பேனாவைத் தொட வேண்டாம்.

எல்லாவற்றையும் கேட்டறிந்த பின் ஒருவர் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு, மறுநாளும் அதே வேலைக்கு, அதே மருத்துவமனைக்கு அச்சமின்றிச் செல்ல முடிய வேண்டும். அந்த நிலை இருக்கும் இடத்தில்தான் அவர் சொல்லும் 'சரி' ஒப்புதலாகும்.