மூச்சில் நுழைந்து மூளையில் ஒளியும் தட்டம்மை

காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவத்தல், பின்னர் உடலெங்கும் செந்நிறத் தடிப்புகள் ஆகியன தட்டம்மையின் அடையாளங்கள். தடிப்புகளைக் கண்டு இதனைத் தோல் நோய் எனக் கருதுவாரும் உளர். உண்மையில் இது மூச்சுக்காற்றின் வழியே பரவும் வைரஸ் நோயாகும். நோயாளி இருமிச் சென்ற அறையின் காற்றில் இவ்வைரஸ் இரண்டு மணி நேரம் வரை தங்கியிருக்கும்.

பெரும்பாலான குழந்தைகள் சில நாள்களில் தேறிவிடுகின்றனர். 'அம்மை இறங்கிவிட்டது' என்று நாமும் ஆறுதல் அடைகிறோம். ஆயினும், சிலரிடத்தில் இந்நோய் மூளையைத் தாக்குகிறது. அத்தாக்குதலில் இரண்டினை இங்குக் காண்போம்.

முதலாவது, உடனடி மூளை அழற்சி. தட்டம்மை கண்டோருள் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு இது நேர்கிறது. வலிப்பும் நினைவிழத்தலும் தோன்றும். பிழைப்போருள் சிலர் செவிப்புலனை இழப்பர்; சிலருக்கு அறிவு வளர்ச்சி குன்றும். ஆங்கிலச் சிறுவர் இலக்கிய ஆசிரியர் ரோல்டு தால் தம் ஏழு வயது மகள் ஒலிவியாவை 1962ஆம் ஆண்டில் இவ்வாறே இழந்தார். அன்று தட்டம்மைக்குத் தடுப்பூசி இல்லை. தடுப்பூசி வந்த பின்னரும் அதனைத் தவிர்த்த பெற்றோரை நோக்கி, 1986இல் அவர் உருக்கமான வேண்டுகோள் ஒன்றை எழுதினார்.

இரண்டாவது, 'எஸ்.எஸ்.பி.இ.' எனச் சுருக்கமாக வழங்கும் நோய். இது அரிது, ஆனால் மிகக் கொடிது. தட்டம்மை வைரஸ் நரம்பணுக்களுள் உருமாறித் தங்கி, உடலின் எதிர்ப்பாற்றலுக்கு அகப்படாமல் ஓரணுவிலிருந்து மற்றோரணுவிற்குப் பரவுகிறது. பொதுவாக ஏழு முதல் பத்து ஆண்டுகள் கழித்தே இந்நோய் வெளிப்படும். நன்கு பயின்ற மாணவன் பாடங்களை மறக்கிறான், குணம் மாறுகிறான். அக்கறையின்மை என்று நாம் கடிந்துகொள்ளும் வேளையில், கைகால்கள் திடீர் திடீரென வெட்டி இழுக்கத் தொடங்குகின்றன. நாளடைவில் பேச்சும் நடையும் ஒடுங்குகின்றன. இதனை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை. இரண்டு வயதிற்குள் தட்டம்மை கண்டவர்களுக்கே இவ்வபாயம் மிகுதி.

தடுப்பூசியே இந்நோயைத் தருமோ என ஐயுறுவார் உளர். நோயாளிகளின் மூளைத் திசுக்களை ஆராய்ந்தபோது, இயற்கையாகத் தொற்றிய வைரஸே அவற்றில் காணப்பட்டது. தடுப்பூசி வைரஸ் அன்று. தடுப்பூசி பரவிய நாடுகளில் இந்நோய் வெகுவாகக் குறைந்தும் விட்டது.

நம் நாட்டின் தடுப்பூசித் திட்டத்தில் இவ்வூசி 1985இல் சேர்க்கப்பட்டது. இரண்டாம் தவணை 2010இல் தொடங்கியது. தமிழகத்தில் 2017 முதல் ரூபெல்லா தடுப்பும் இணைந்த ஊசி வழங்கப்படுகிறது. ஒன்பது மாதம் நிறைந்ததும் ஒரு தவணை, 16 முதல் 24 மாதங்களுக்குள் மறு தவணை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்குக் கட்டணம் இல்லை.

ஒன்பது மாதம் நிறையாத சிசுவிற்கு வழக்கமாக இவ்வூசி இடப்படுவதில்லை. அச்சிசுவைக் காப்பது, சுற்றியுள்ள பிள்ளைகள் பெற்ற தடுப்பாற்றலே. எனவே நம் வீட்டுப் பிள்ளைக்கு இடும் ஊசி அண்டை வீட்டுத் தொட்டிலுக்கும் காவலாகிறது. கற்றோரும் ஊர்ப் பெரியோரும் இவ்வுண்மையை வீடுதோறும் எடுத்துரைப்பது நம் கடமையாகும்.