காற்றுக்கு ஒரு பரண்

கடற்கரைக் காற்று – 11

ஆலந்தலையில் கருவாடு காயப்போட்டிருக்கும் இடத்தை மூக்கே காட்டிக்கொடுக்கும். ஆனால் எல்லா நேரத்திலும் காட்டாது. பிற்பகலில் கடற்காற்று ஏறிவிட்டால் வீச்சம் தெருக்களுக்குள் புகுந்து மேற்கே போய்க்கொண்டே இருக்கும். விடியலுக்கு முன் கரைக்காற்று அடிக்கும்போது, காயும் மீனுக்குப் பத்தடி மேற்கே நின்றாலும் ஒன்றும் தெரியாது. அத்தனையும் கடலுக்குப் போய்விடும். அந்தக் கரைக்காற்றில் பாய் விரித்துக் கடலுக்குள் போன வள்ளங்களைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் அதே கணக்கு தரையில்.

திருநெல்வேலி – தூத்துக்குடி சாலையோரம் வல்லநாட்டுக் குன்று. 1987-இல் வெளிமான் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 16 சதுர கிலோமீட்டர். இயற்கையாக வெளிமான் வாழும் இடங்களில் இந்தியாவின் தென்கோடி இதுதான். முள்ளும் புதரும் மண்டிய இந்தக் காட்டில் புள்ளிமானும் உண்டு. இங்கே மானைப் பார்க்க வேண்டுமென்றால், மான் எங்கே வரும் என்று கேட்பதோடு நம் வாசம் எங்கே போகும் என்றும் கேட்டாக வேண்டும்.

வெளிமான் பெரிதும் கண்ணை நம்பும் உயிர். திறந்த வெளியில் அசைவைத் தொலைவிலேயே பிடித்துவிடும். புதருக்குள் மேயும் புள்ளிமானுக்குக் கண் மட்டும் போதாது. மூக்கு ஓயாமல் காற்றைத் துழாவிக்கொண்டிருக்கும். சந்தேகம் வந்தால் முன்னங்காலைத் தரையில் தட்டும், கீச்சென்று ஒரு குரல் கொடுக்கும், கூட்டமே கலைந்துவிடும்.

மானிடமிருந்து நம்மை நோக்கிக் காற்று வர வேண்டும் என்பது பாலபாடம். அனுபவப்பட்டவர்கள் அதோடு நிற்பதில்லை. தண்ணீருக்கு வரும் மூத்த ஆண்மான் பல சமயம் நேரே வராது. காற்றின் கீழ்ப்பக்கமாகச் சுற்றி வந்து, தண்ணீர்ப் பக்கமிருந்து வரும் வாசத்தை முகர்ந்து பார்த்த பிறகுதான் இறங்கும். அதனால் காற்றுக்கு நேர் கீழே உட்கார்ந்தால் மான் நம் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். தடத்துக்குக் குறுக்கே காற்று ஓடுகிற மாதிரி, ஓரமாக உட்காருவதே மேல்.

குன்று இருந்தால் கணக்கு இன்னும் சிக்கல். இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் இறங்கும். வெயில் ஏறிப் பாறை சூடானதும் அதே காற்று மேலே ஏறத் தொடங்கும். ஆகவே விடியலில் மானுக்குக் கீழே இருக்க வேண்டும். வெயில் ஏறிய பிறகு மேலே. இரண்டும் மாறுகிற அந்த நேரத்தில் காற்று எந்தப் பக்கமும் சாயாமல் சுழலும்; அப்போது எங்கே இருந்தாலும் மாட்டிக்கொள்வோம். பரண் உயரமாக இருந்தால் வாசம் தலைக்கு மேலே போய்விடும் என்று நினைப்பதும் பாதிதான் சரி. பக்கத்தில் மேய்வதற்குத் தெரியாமல் போகலாம். கொஞ்ச தூரம் தள்ளி அது தரைக்கு இறங்கிவிடும்.

இதற்கெல்லாம் மேலே பருவக்காற்று. ஆனி, ஆடியில் செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியே கச்சான் பாய்ந்து வரும். கயத்தாற்றுக் காற்றாலைகள் சுழல்வது அந்த மேற்குக் காற்றில்தான். ஐப்பசி, கார்த்திகையில் வாடை. ஆடியில் குளத்துக்குக் கிழக்கே அமைத்த மறைவிடம் கார்த்திகையில் கைகொடுக்காது. மான் வேட்டைக்குச் சட்டம் இடம்தரும் அமெரிக்காவில் கைதேர்ந்த வேட்டைக்காரர்கள் ஒரே தடத்துக்கு இரண்டு மூன்று பரண் வைத்திருப்பார்கள். இன்றைய காற்று எதுவோ அதற்குரிய பரணில்தான் ஏறுவார்கள்.

பரணுக்குப் போகும் வழியும் பரணைச் சேர்ந்தது. மான் தடத்தை மிதித்துக் குறுக்கே நடந்தால், செருப்பும் காலும் பட்ட புல்லில் வாசம் தங்கிவிடும். பீடி, தலை எண்ணெய், சோப்பு எல்லாம் ஆளுக்கு முன்னால் போய்ச் செய்தி சொல்லும். குளித்தால் குறையும், போகாது.

காற்றைப் பார்க்கக் கருவி வேண்டியதில்லை. வெடித்த எருக்கங்காயிலிருந்து ஒரு பஞ்சிழையை எடுத்து ஊதிவிடுங்கள். கன்னத்தில் படும் காற்று கிழக்கே போவதாகச் சொல்லும். பஞ்சு கொஞ்ச தூரம் கிழக்கே மிதந்து, ஓடை விளிம்புக்கு வந்ததும் தயங்கி, பள்ளத்துக்குள் வடக்காக இழுபட்டுப் போகும். நம் வாசமும் அந்த வழியில்தான் போகிறது. அந்தப் பள்ளத்தில் மேயும் மான் நம்மைப் பார்க்காமலே நழுவிவிடும்.

இதைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தவர் ஜிம் கார்பெட். மனிதனுக்கு மோப்பம் இல்லை என்பது புலிக்குத் தெரியாது என்று அவர் 1944-இல் வெளிவந்த தம் குமாவுன் ஆட்கொல்லிப் புலிகள் நூலில் எழுதுகிறார். மானை நெருங்குவது போலவே ஆளையும் காற்றின் கீழ்ப்பக்கமிருந்துதான் புலி நெருங்குமாம். காற்றை எதிர்த்து நடக்க நேர்ந்தால் ஆபத்து முதுகுப்பக்கம். அதனால் அவர் நேரே போகாமல் காற்றுக்குக் குறுக்கே இடமும் வலமுமாக மாறி மாறி நடந்தார். ஆபத்து பக்கவாட்டுக்கு வந்துவிடும். எதிர்காற்றில் பாய்மர வள்ளம் போகிற வழியும் இதேதான்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் துப்பாக்கியைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டது. வெளிமானைக் கொன்ற குற்றம் உறுதியானால் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. ஆனால் வித்தை வீணாகவில்லை. கணக்கெடுப்புக்கு நீர்நிலை அருகே காத்திருப்பவருக்கும், கேமராவோடு போகிறவருக்கும் இது வேண்டும். கணக்கெடுப்பில்தான் பிசகு அதிகம் வலிக்கும். காற்றின் மேற்பக்கம் ஓர் ஆளை உட்கார வைத்தால், விடியும் முன்பே மந்தை வேறு தண்ணீருக்குத் திரும்பிவிடும். அவருடைய ஏட்டில் மான் குறைந்திருக்கும், காட்டில் குறைந்திருக்காது.

(தொடரும்)