மண்மேடு சொல்லும் மறுகதை

திபெத்தில் ட்சேதாங் நகருக்குத் தெற்கே, முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது சோங்கியே பள்ளத்தாக்கு. 7 முதல் 9-ஆம் நூற்றாண்டு வரை சீனத்தின் தாங் அரசுக்கே சவாலாக நின்ற திபெத்தியப் பேரரசின் மன்னர்கள் அடக்கமான இடம் இது. கோபுரம், மண்டபம் எதுவும் கிடையாது. மண்ணை அடுக்கடுக்காக இடித்து இறுக்கிய, தலை தட்டையான மேடுகள்தான். வருகிறவர்களில் பலர் மன்னர் சோங்ட்சென் கம்போவுடையது என்று வழங்கும் மேட்டில் ஏறி, உச்சியிலுள்ள சிறு கோயிலை வணங்கிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அங்கே அவர் ராணியரும் அமைச்சர்களும் சூழ, பௌத்த அறவேந்தராக வீற்றிருக்கிறார். ஆனால் கோயில் பல நூற்றாண்டுகள் பிந்தியது. மேடு சொல்வதோ வேறு கதை: பௌத்தம் அரசவைக்குள் வந்த பிறகும் மன்னரின் சாவு பழைய சடங்கின் பொறுப்பிலேயே இருந்தது.

சீனாவின் துன்ஹுவாங் குகையில் கிடைத்த திபெத்திய ஆண்டுக் குறிப்புகளின்படி, 676-இல் இறந்த மன்னர் மங்சோங் மங்ட்சென் 679-இல்தான் அடக்கம் செய்யப்பட்டார். அத்தனை காலம் உடலை வைத்திருந்து சடங்கு நடத்தியது அரசே முன்னின்று செய்த வேலை. சம்யே மடத்தைக் கட்டி, பௌத்தத்தை அரச மதமாக்கிய பிற்கால மன்னர் திரிசோங் தேட்சென்னும் இந்தப் பள்ளத்தாக்கில்தான் புதைக்கப்பட்டார்.

குலவழக்கத்தை விட மனமில்லாமல் செய்ததை நம்பிக்கை என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். திரிசோங் தேட்சென்னின் மகன் திரிதே சோங்ட்சென்னின் இரண்டு கல்வெட்டுகள் இதற்குப் பதில் தருகின்றன. லாசா அருகே கர்சுங்கில் உள்ள தூண், பௌத்தத்தைக் கைவிடோம் என்ற அரச உறுதிமொழியைத் தாங்கியது. சோங்கியேயில் அவர் சமாதித் தூணோ, வானிலிருந்து மனிதரை ஆள இறங்கி வந்த தெய்வ மரபைப் பாடுகிறது. அதைச் சுமக்கும் கல் ஆமை நெடுங்காலம் மண்ணுக்குள் புதைந்திருந்து, 1980-களில்தான் வெளிப்பட்டது. வெறும் பழக்கமென்றால் மேட்டோடு நிறுத்தியிருக்கலாம். ஆளும் உரிமையைக் கல்லில் பொறிக்க வேண்டிய அவசியமில்லை. அறத்தைக் காப்பது பௌத்தம், ஆளும் உரிமையைத் தருவது வானம் என்று அரசவை கணக்கைப் பிரித்தே வைத்திருந்தது.

எந்த மேடு யாருடையது என்பதிலேயே தகராறு இருக்கிறதே என்பது இன்னொரு மறுப்பு. நியாயம்தான், பேரரசு சரிந்ததும் கல்லறைகள் கொள்ளை போனதாகவும் மரபு சொல்கிறது. ஆனாலும் தூணில் மன்னர் பெயர் இருக்கிறது. பௌத்த மன்னர்களும் முன்னோர் பக்கத்திலேயே இடம் தேடியதும் தெரிகிறது. இந்த வாதத்துக்கு அது போதும்.

வெளிநாட்டவர் இங்கே தனியாகப் போக முடியாது. திபெத் அனுமதிச் சீட்டோடு, பயண நிறுவனமும் வழிகாட்டியும் கட்டாயம். அவ்வளவு சிரமப்பட்டுப் போகிறவர்கள் கோயிலோடு திரும்பிவிட்டால், பின்னாளில் எழுதிச் சேர்த்த வரலாற்றை மட்டுமே பார்த்தவர்கள் ஆவார்கள். தூணையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.