பாலித்தீவு மீண்ட வரலாறு

இந்தோனேசியத் தீவுக் கூட்டத்திலே, சாவகத்துக்குக் கிழக்கே ஒடுங்கிய நீரிணை ஒன்றுக்கு அப்பால் அமைந்திருப்பது பாலித்தீவு. முஸ்லிம்கள் பெரும்பான்மையினராக வாழும் நாட்டினுள்ளே இந்து சமயத்தைப் பேணிவரும் தீவு அது. மலைச்சரிவுகளிலே படிப்படியாக இறங்கும் நெல்வயல்கள், ஊர்தோறும் கோயில்கள், தென்னோலைத் தட்டிலே மலரிட்டு வாசல்தோறும் வைக்கப்படும் படையல் ஆகியன அதன் அடையாளங்கள். இவற்றைக் காணவும், தென்பகுதியின் மணற்கரைகளிலே ஓய்வு கொள்ளவும், ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான உல்லாசப் பயணிகள் அங்கு செல்வது வழக்கமாயிற்று.

2002 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 12 ஆம் திகதி, சனிக்கிழமை இரவு 11 மணி கடந்த வேளையிலே, கூட்டா என்னும் கடற்கரைப் பட்டினத்தின் கேளிக்கை விடுதிகள் இரண்டைக் குறிவைத்துக் குண்டுகள் வெடித்தன. 202 பேர் மாண்டனர். அவர்களுள் 88 பேர் அவுஸ்திரேலியர். 38 பேர் இந்தோனேசியர். இறந்தோர் இருபதுக்கு மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்தவர்கள். தலைநகராகிய டென்பசாரின் பெரிய மருத்துவமனை, காயமுற்றோரையும் இறந்தோரையும் ஏற்க இடம் போதாது தவித்தது. தீக்காயமுற்ற பலர் விமானமூலம் அவுஸ்திரேலியாவின் டார்வின் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இக்கொடுமையைச் செய்தவர்கள் ஜெமா இஸ்லாமியா என்னும் தீவிரவாத இயக்கத்தினர்.

குண்டு வெடித்தது ஒரு தெருவில். அதன் விளைவோ தீவு முழுவதையும் தாக்கியது. வந்திருந்த பயணிகள் விரைந்து வெளியேறினர். வரவிருந்தோர் பயணத்தைக் கைவிட்டனர். நேரே பாலிக்கு வந்திறங்கிய வெளிநாட்டார் தொகை 2003 ஆம் ஆண்டிலே 10 இலட்சத்துக்குக் கீழே சென்றது. பெரிய ஹோட்டல்களின் நட்டம் கணக்கேடுகளிலே தெரிந்தது. மாஸ் கிராமத்திலே மரச்சிற்பம் செதுக்குவோன், செலுக் கிராமத்திலே வெள்ளி நகை செய்வோன், மணற்கரையிலே துணி விற்கும் பெண், வாடகைக் காரின் சாரதி ஆகியோரின் நட்டமோ அவரவர் அடுப்பங்கரையிலே தெரிந்தது. ஹோட்டலுக்கு மீனும் காய்கறியும் கொடுத்தவனும் விலைகேட்க ஆளின்றி நின்றான். குண்டு வைத்தவன் நோக்கியது அந்நியனை. பட்டினி கிடந்தவன் அயலான்.

இதனினும் பெரிய ஆபத்து ஒன்று இருந்தது. குற்றவாளிகள் சாவகத்திலிருந்து வந்த முஸ்லிம்கள். பாலியிலோ பிழைப்புத் தேடி வந்த சாவகத்து மக்கள் பலர் வாழ்ந்தனர். கோபங்கொண்ட ஒருவன் ஒரு கல்லை எறிந்திருந்தால், தீவு தன்னைத்தானே எரித்துக்கொண்டிருக்கும். அவ்வாறு நிகழவில்லை. பாலியின் ஒவ்வோர் ஊரிலும் பஞ்சார் எனப்படும் அயற்சபை உண்டு. கோயிற் கடமையும், நன்மை தீமையும், ஊர்க்காவலும் அதன் பொறுப்பு. பெரியோரும் சமயத் தலைவர்களும் பொறுமையை வற்புறுத்தினர், மக்கள் செவிசாய்த்தனர். குண்டு வெடித்த அன்றிரவே காயமுற்றோரைத் தூக்கிச் சென்றவர்களிடையே முஸ்லிம் அயலவரும் இருந்தமையை அவர்கள் மறக்கவில்லை.

ஒரு மாதங் கழிந்து, நவெம்பர் 15 ஆம் திகதி, குண்டு வெடித்த இடத்திலே பெரியதொரு சுத்திச் சடங்கு நடைபெற்றது. ஆயிரக்கணக்கானோர் கூடினர். பாலி மக்களின் கொள்கைப்படி நன்மையும் தீமையும் உலகில் என்றும் உடனிருப்பவை. கோயிற் காவற் சிலைகளுக்கு அவர்கள் உடுத்தும் கறுப்பு வெள்ளைக் கட்டத்துணி இதனையே உணர்த்துவது. இரண்டுக்கும் இடையே சமநிலை குலையும்போது துன்பம் நேர்கிறது. அதனை மீட்பது மனிதரின் கடன். ஆகவே, பிறர்மேற் பழிதீர்க்க எண்ணாது, இறந்தோரின் ஆன்மாக்கள் அமைதியுறவும் மண் தூய்மை பெறவும் வேண்டினர். தண்டிக்கும் பொறுப்பு நீதிமன்றத்துக்கு விடப்பட்டது. தலைமைச் சதிகாரர் மூவருக்கு 2008 ஆம் ஆண்டிலே மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது.

2004 ஆம் ஆண்டிலே பயணிகள் மீண்டும் பெருகினர். ஆனால் 2005 ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி கூட்டாவிலும் ஜிம்பாரனிலும் மறுபடி குண்டுகள் வெடித்தன. குண்டுதாரிகளைத் தவிர 20 பேர் இறந்தனர். ஆறத் தொடங்கிய புண் மீண்டும் கீறப்பட்டது. எனினும் தீவு சோர்ந்துவிடவில்லை. 2019 ஆம் ஆண்டிலே பாலிக்கு வந்த வெளிநாட்டார் 60 இலட்சத்துக்கும் அதிகமானோர்.

இத்தகைய தீவுக்குச் செல்வோன் எவ்வாறு செல்லல் வேண்டும்? கூட்டாவின் லெகியன் வீதியிலே இறந்தோர் யாவரின் பெயரும் பொறித்த நினைவுச் சின்னம் உண்டு. அதனை வேடிக்கைப் பொருளாகக் கொள்ளாது, சற்று நின்று வணங்குதல் தகும். சிற்பத்தைச் செதுக்கியவனிடமே வாங்கினால் பணம் அவன் வீடு சேரும். நியெப்பி என்னும் மௌனத் திருநாளிலே விமான நிலையமும் மூடப்படும். அன்று விருந்தினனும் அடங்கியிருத்தல் மரியாதை. இரங்கிக் கொடுக்கும் காசைவிட மதித்துச் செய்யும் வருகையே அம்மக்களுக்கு ஆறுதல்.

இலங்கை மக்களுக்கு இது அந்நியர் கதையன்று. 2019 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்கள் தாக்கப்பட்டன. கொழும்பு ஹோட்டல்களும் தாக்கப்பட்டன. 250 பேருக்கு மேல் இறந்தனர். இங்கும் அறைகள் வெறுமையாயின. சாரதிகளும் சிறு வியாபாரிகளும் வருமானம் இழந்தனர். அடுத்த மாதமே வடமேல் மாகாணத்திலே, குற்றத்தில் எப்பங்குமில்லாத முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. பயணிகள் சில ஆண்டுகளில் திரும்பிவருவர் என்பதைப் பாலி காட்டியது. எரிந்த கடைக்காரனுக்கும் அவன் அயலானுக்கும் இடையே போன நம்பிக்கையோ தானே திரும்பி வருவதில்லை. பாலி மக்கள் அதனைப் போகவிடாது காத்துக்கொண்டார்கள்.