புரோஸ்டேட் வீக்கமும் ஆண்களின் பாலியல் நலமும்

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் தென்காசி வட்டாரம் முழுவதும் குளிர்ந்துவிடும். குளிர்காலத்தில் வியர்வை குறைந்து சிறுநீர் மிகுவதால், புரோஸ்டேட் வீக்கம் உள்ள முதியவர்கள் இரவில் பலமுறை எழ நேரிடுகிறது. இதை வயதின் இயல்பு என்று பொறுத்துக்கொள்பவர்கள், தாம்பத்திய உறவில் தோன்றும் மாற்றத்தை மருத்துவரிடம்கூடச் சொல்வதில்லை.

புரோஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர்க்குழாயைச் சூழ்ந்துள்ள சிறிய சுரப்பி. விந்துநீரின் ஒரு பகுதி இதில் சுரக்கிறது. 50 வயதைக் கடந்த ஆண்கள் பலருக்கு இச்சுரப்பி பெரிதாகிறது. இது புற்றுநோய் அன்று. சிறுநீர்த் தொல்லை மிகுந்தவர்களிடம் விறைப்புக் குறைபாடும் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆயினும் விறைப்புக் குறைபாட்டிற்குச் சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் ஆகியவையும் காரணமாகலாம் என்பதால், அவற்றையும் பரிசோதிக்க வேண்டும்.

சிகிச்சையாலும் மாற்றம் ஏற்படலாம். டாம்சுலோசின் மாத்திரை உட்கொள்ளும் சிலருக்கு விந்து குறைவாக வரலாம், வராமலும் போகலாம். இதனால் உடலுக்குத் தீங்கில்லை. மருந்தை மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். ஃபினாஸ்டரைடு சிலருக்குப் பாலியல் நாட்டத்தையும் விறைப்பையும் குறைக்கக்கூடும். சிறுநீர்க்குழாய் வழியே கருவியைச் செலுத்திச் செய்யும் அறுவை சிகிச்சைக்குப் பின், பெரும்பாலோருக்கு விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் சென்று, பிறகு சிறுநீருடன் வெளியேறும். இன்ப உணர்வும் விறைப்பும் பொதுவாகக் குறைவதில்லை. குழந்தைப்பேறு விரும்புவோர் மட்டும் இதனை முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும். புற்றுநோய்க்காகச் சுரப்பியையே அகற்றும்போது நிலை வேறு: விறைப்பு நரம்புகள் சுரப்பியை ஒட்டியே செல்வதால், அவை மீள ஓரிரு ஆண்டுகள் ஆகலாம்.

இவற்றை முன்பே அறியாதவர், ஆண்மை போயிற்று என்று அஞ்சி மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுகிறார். அதனால் தொல்லை மீண்டும் கூடும். சிறுநீர் அடைபடவும் வாய்ப்புண்டு. அருவியில் குளித்துச் சளி பிடித்ததும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளிலும் கவனம் தேவை. சூடோஎபிட்ரின், குளோர்பெனிரமின் ஆகியவை இவர்களுக்குச் சிறுநீர் அடைப்பை உண்டாக்கக்கூடும். சிறுநீர் அறவே வராமல் அடிவயிறு வலித்தால், காலை வரை காத்திராமல் 108 ஆம்புலன்சை அழைத்து மருத்துவமனைக்குச் செல்லவும்.

விறைப்புக்கான சில்டெனாபில் மாத்திரையை நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மருந்துடன் எடுத்தால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவிற்கு வீழும். 'மூலிகை' என்று விற்கப்படும் சில ஆண்மைப் பொருள்களிலும் இம்மருந்து கலந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது.

தென்காசி மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைக்கோ அருகிலுள்ள மருத்துவரிடமோ செல்லும்போது, உட்கொள்ளும் மாத்திரை அட்டைகள் அனைத்தையும் கொண்டு செல்லுங்கள். இயன்றால் மனைவியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் சொல்லத் தயங்குவதை அவர் சொல்லக்கூடும்.