கரிப்படமும் ஜெலட்டின் பூச்சும்

வெள்ளியில் உருவான பழைய ஒளிப்படங்கள் பல மஞ்சளாகி வெளிறிவிட்டன. கரித்தூளோ வெளிறுவதில்லை. பிரான்சு நாட்டு வேதியியலர் அல்போன்சு புவாத்தவேன் 1855இல் ஜெலட்டினும் கரித்தூளும் பொட்டாசியம் டைகுரோமேட்டும் கலந்த பூச்சில் படம் உருவாக்கும் முறையை அறிவித்தார். ஒளி பட்ட இடத்தில் டைகுரோமேட் ஒடுக்கம் அடையும். அதில் பிறக்கும் குரோமிய அயனிகள் ஜெலட்டினின் புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும். பிணைந்த பகுதி வெந்நீரில் கரையாது, மற்றது கரைந்துபோகும்.

ஆயினும் இடைநிறங்கள் அவர் முறைக்கு வசப்படவில்லை. ஒளி பூச்சின் மேற்பரப்பிலிருந்தே உள்ளே இறங்குகிறது. சிறிதளவே ஒளி பெற்ற இடத்தில் மேற்படலம் மட்டும் இறுகும். வெந்நீரில் அடிப்பசை கரைந்தோடும்போது பற்றுக்கோடு இழந்த அப்படலமும் உடன் போய்விடும். இங்கிலாந்தின் சோசப் சுவான் 1864இல் ஒளியேற்றிய பூச்சை வேறொரு தாளின்மேல் முகங்கவிழ்த்து ஒட்டி, பழைய தாளை உரித்தெடுத்து, அப்பக்கமிருந்து கரைத்தார். இறுகிய படலம் முழுதும் புதிய தாளில் நிலைத்தது. ஒளிப்பட வரலாற்றில் இத்துணை எளிய, இத்துணை அழகிய தீர்வுகள் மிகச் சிலவே.

இம்முறையில் ஜெலட்டினின் தடிமனே படத்தின் நிறம். ஆகவே பூச்சு அமைப்பதில்தான் கலைஞரின் பொறுமை முழுதும் செலவாகிறது. ஜெலட்டினைத் தண்ணீரில் ஊறவைத்து உப்பச் செய்தல் வேண்டும். நேரே வெந்நீரில் இட்டால் கட்டி தட்டும். உப்பியதை வெந்நீர்க் கலத்தினுள் வைத்து மெல்ல உருக்குவர். கொதிக்கவிட்டால் புரத இழைகள் அறுபட்டு, பசை உறையும் வலிமை குன்றும். பிறகு கரித்தூளும், உலர்ந்த பூச்சு வெடிக்காமல் வளைந்து கொடுப்பதற்குச் சர்க்கரையும் சேரும். துணியில் வடிகட்டி, குமிழிகள் மேலெழுந்து அடங்கும்வரை இளஞ்சூட்டில் காத்திருத்தல் நன்று. தங்கிய குமிழி ஒவ்வொன்றும் படத்தில் வெண்புள்ளியாகும்.

தாளை மட்டம் பார்த்த கண்ணாடிப் பலகைமேல் விரித்துக் கலவையை ஊற்றுவர். பலகை சற்றே சாய்ந்தாலும் ஒருபுறம் பூச்சு மெலியும். மெலிந்த இடத்தில் ஆழ்ந்த கருமை பிறக்காது. உறைந்தபின் சூடில்லாக் காற்றில் உலர்த்துவர். வெப்பக் காற்று பட்டால் பூச்சு மீண்டும் இளகிவிடும்.

டைகுரோமேட் புற்றுநோய் விளைக்கும் நஞ்சு, கையுறையின்றித் தொடலாகாது. இந்நாளில் கரிப்படம் ஆக்குவோருள் சிலர் அதை விடுத்து, ஒளியால் ஜெலட்டினை இறுக்கும் அசைடு சேர்மம் ஒன்றைக் கையாள்கின்றனர்.